படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஏரிக்கரையில் நின்று எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். பெரியப்பா கட்டைவிரலை உயர்த்துவார். சித்தி இதயம் போடுவார். சற்று நேரத்தில் அப்பாவிடமிருந்து தனிச்செய்தி வரும்: “படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?” அம்மாவுக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: “கூட யாரு வந்தா? தனியாவா போன?”

இந்த இரண்டு கேள்விகளுக்குள் ஒரு முழுக் கொள்கையே உட்கார்ந்திருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க அனுப்பியிருக்கிறோம். ஊர் பார்ப்பதெல்லாம் வேலை கிடைத்தபிறகு. போய்த்தான் ஆகவேண்டுமென்றால் நாலு பேரோடு போ. தனியாகப் போவதற்கு மொழி வேண்டும், அனுபவம் வேண்டும், தைரியம் வேண்டும். அதெல்லாம் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் பெற்றோர் சொல்வது. மூன்றாவதை அங்கேயே குப்பை கொட்டிய சீனியர்களும் சொல்கிறார்கள் என்பதால் அதற்குக் கூடுதல் மரியாதை கிடைத்துவிட்டது. மூன்றிலும் அதுதான் மோசம். தைரியம் வந்தபிறகு தனியாகப் போ என்பது, நீச்சல் பழகியபிறகு கிணற்றில் இறங்கு என்பதுதான்.

என் கட்சி இது. புதிய நாட்டில் போய் இறங்கியவருக்குத் தவறு செய்து பழக ஓர் இடம் வேண்டும். அந்தத் தவறுக்கு விலை குறைவாக இருக்கவேண்டும். அவருக்காக முடிவெடுக்கப் பக்கத்தில் வேறு யாரும் இருக்கக்கூடாது. விடுமுறை நாளில் தனியாக ஊர் பார்க்கப் போகும்போதுதான் இந்த மூன்றும் ஒருசேரக் கிடைக்கின்றன.

பொதுவாகப் பேசினால் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் என்பதால் ஜெர்மனியை எடுத்துக்கொள்கிறேன். நான் படித்தது மியூனிக்கில். இன்று ஜெர்மனி முழுவதிலும் இந்திய மாணவர்கள்தான் வெளிநாட்டு மாணவர்களில் மிகப்பெரிய கூட்டம். 2023-24 குளிர்கால செமஸ்டரிலேயே அவர்கள் 49 ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். அதில் நம்மூர் எஞ்சினியரிங் கல்லூரிகளிலிருந்து போனவர்களைப் பார்க்காமல் மியூனிக், ஆகென், ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு பல்கலைக்கழக உணவகத்தைக் கடக்க முடியாது.

அந்த மாணவரின் முதல் வருடத்தைப் பாருங்கள். விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோ போட்டிருக்கிறார். அதிலிருந்து மாதம் 992 யூரோ வெளியே வரும். பல பல்கலைக்கழகங்களில் ஒரே பாடத்தில் மூன்று முறை தோற்றால் அந்தப் படிப்பையே விடவேண்டியதுதான். வீட்டு ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டால், வெளியேறப் பொதுவாக மூன்று மாதம் முன்னதாகச் சொல்லவேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு காகிதம் குறைந்தால் அடுத்த தேதிக்கு மறுபடியும் வரிசை. அவர் தொடுகிற ஒவ்வொன்றிலும் தவறுக்குக் கனமான தண்டனை இருக்கிறது. அதனால் அவர் என்ன செய்கிறார்? எதையும் தானாகத் தொடுவதில்லை. சீனியரைக் கேட்கிறார், குழுவில் கேட்கிறார், யாரோ எழுதிக்கொடுத்த மின்னஞ்சலை அப்படியே அனுப்புகிறார். முதல் வருடம் முடியும்போது எல்லாம் சரியாக நடந்திருக்கும். அவராக எதுவும் நடத்தியிருக்கமாட்டார்.

இப்போது அதே ஆளை ஒரு சனிக்கிழமை காலை மியூனிக் பெரிய ரயில் நிலையத்தில் டெகர்ன்சே ஏரிக்குப் போகும் ரயிலில் தனியாக ஏற்றிவிடுங்கள். அந்த ரயில் ஒரு விசித்திரம். புறப்படும்போது ஒரே ரயில். ஹோல்ட்ஸ்கிர்ஷன் நிலையத்தில் அது பிரியும். ஒரு பகுதி பைரிஷ்செல் பக்கம் திரும்பும். மிச்சமும் ஷாஃப்ட்லாஹ் என்ற ஊரில் மறுபடி பிரிந்து, ஒன்று டெகர்ன்சேவுக்கும் ஒன்று லெங்ரீஸுக்கும் போகும். நீங்கள் ஏறியது சரியான ரயிலா என்பது போதாது. சரியான பெட்டியா என்பதுதான் கேள்வி. வண்டி ஹோல்ட்ஸ்கிர்ஷனை நெருங்கும்போது ஒலிபெருக்கியில் ஒரு நீண்ட ஜெர்மன் வாக்கியம் வரும். பாதிப் பேர் அசையமாட்டார்கள். சிலர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி முன்பெட்டியை நோக்கி ஓடுவார்கள். நம் ஆள் என்ன செய்யவேண்டும்? உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் சேர்வதா, ஓடுகிற கூட்டத்திலா?

எதிர் இருக்கையில் நாயோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கேட்கவேண்டும். வகுப்பில் படித்த அரைகுறை ஜெர்மனில், ஊர்ப்பெயரை மட்டும் கேள்வித் தொனியில் சொன்னாலும் போதும். பாட்டி கையை ஆட்டி முன்னால் போ என்பார். ஓடவேண்டும். அல்லது கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்து, ஷ்லீர்சே என்ற வேறோர் ஏரிக்கரையில் போய் இறங்கவேண்டும். அங்கேயும் தண்ணீர் இருக்கும், மலை இருக்கும், வாத்து இருக்கும். புளிசாதப் பொட்டலத்தை அங்கே உட்கார்ந்தும் பிரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் பிரித்தே ஆகவேண்டும், கடைகள் மூடியிருக்கும். செய்த தவறுக்குத் தண்டனை அவ்வளவுதான். அடுத்த முறை ஒலிபெருக்கி பேசும்போது அவர் காது வேறுமாதிரி வேலை செய்யும். யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க முடியாத ஒன்றை ஒரு வாத்துக்கூட்டத்தின் முன்னிலையில் இலவசமாகக் கற்றுக்கொண்டார்.

“இதையே நாலு பேரோடு போய்க் கற்றுக்கொள்ளலாமே?” என்பது உடனே வரும் கேள்வி. முடியாது. நம் மாணவர்கள் கூட்டமாகக் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வியாழக்கிழமை குழுவில் “என்ன பிளான் மச்சி?” என்று தொடங்கும். வெள்ளி இரவு வரை யாரும் எதையும் முடிவு செய்யமாட்டார்கள். கடைசியில் ஒருவன், எப்போதும் அதே ஒருவன், ரயிலைப் பார்த்து, நேரத்தைப் போட்டு, எந்த நடைமேடை என்பதையும் எழுதிவிடுவான். காலையில் பத்துப் பேரும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். ரயில் மாற வேண்டிய இடத்தில் அவன் எழுந்தால் எழுவார்கள். பேச்சும் சிரிப்பும் சினிமாப் பாட்டும் குறைவில்லாமல் நடக்கும், அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. அந்த நாள்கள் இனிமையானவை. ஆனால் சாயங்காலம் திரும்பும்போது அந்தப் பதினொரு பேரில் தைரியம் கூடியவன் ஒருவன்தான். அவனுக்கும் அது ஏற்கெனவே நிறைய இருந்தது.

இந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, ஒரு காரியத்தைத் தன்னால் செய்யமுடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை 1977இல் நான்கு ஊற்றுகளாகப் பிரித்தார். தானே செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்த்தல். பிறர் சொல்லித் தேற்றுதல். உடம்பும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் மிக வலுவானது முதலாவது. நாம் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவதோ பெரும்பாலும் மூன்றாவதை: “உன்னால முடியும்டா”, “தைரியமா இரு தங்கம்”. கூட்டுச் சுற்றுலா கொடுப்பது இரண்டாவதை. முதலாவதை எங்கே வைத்துக் கொடுத்தோம்?

ஜெர்மன் ரயில் கடிகாரம் மாதிரி ஓடும், அங்கே என்ன தவறப்போகிறது என்று நம்மூரில் இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2024இல் நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை நூற்றுக்கு அறுபத்திரண்டரைதான். அதிலும் ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட தாமதத்தை அவர்கள் தாமதமாகவே எண்ணுவதில்லை. நடைமேடை கடைசி நிமிடத்தில் மாறும். இணைப்பு ரயில் கண்முன்னால் போய்விடும். ஊர் பார்ப்பவருக்கு இது சோதனைக்கூடம்.

போன் இருக்கும்போது தொலைவதாவது, பழகுவதாவது என்கிறார்கள். போன் வழி சொல்லும்; முடிவு எடுக்காது. கடைசி ரயிலுக்கு முந்தின ரயிலில் திரும்பலாமா, இன்னொரு மணி நேரம் இருக்கலாமா என்பதை அது சொல்லாது. ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே நடுங்கும் மலைக்காற்றில் நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி சட்டென்று அணைந்துபோவதைப் பார்த்த மாணவர், அதற்கப்புறம் திரும்பும் ரயில் நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அவ்வளவு போதும்.

பணத்தைப் பற்றிய வாதம் நியாயமானது, ஆனால் அது தவறான ஆளைக் குறிபார்க்கிறது. பத்து நாளில் ஏழு நாடு என்று கடன் பணத்தில் விமானமேறி, ஒவ்வொரு கோபுரத்தின் முன்னாலும் ஒரே மாதிரி கைவிரித்து நிற்கிறவரை அப்பா திட்டட்டும். நானும் சேர்ந்து திட்டுகிறேன். தனியாகப் போகிற மாணவரின் செலவு வேறு. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய நாடு முழுவதற்குமான மாதச் சீட்டு இன்று 63 யூரோ ஆகிவிட்டாலும், மாணவர்களுக்கு அது பல இடங்களில் சலுகை விலையில் கிடைக்கிறது. கல்லூரிக்குப் போகவே அதை வாங்கியிருப்பார்கள். அதிவேக ரயில்களில் அது செல்லாது, மெதுவாகப் போகும் வட்டார ரயில்களில் செல்லும். ஊர் பார்க்கிறவருக்கு அதுவே வசதி. மியூனிக்கில் ஆல்டே பினாகோதெக் ஓவியக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நுழைவுக் கட்டணம் ஒரே ஒரு யூரோ. அந்தப் பணத்துக்கு, ஆல்பிரெக்ட் ட்யூரர் 1500ஆம் ஆண்டில் தன்னையே நேருக்கு நேர் பார்த்து வரைந்துகொண்ட படத்தின் முன்னால் கால் வலிக்கும்வரை நிற்கலாம். கூட்டமாகப் போனால் பத்து விநாடிக்குமேல் நிற்கவிடமாட்டார்கள், யாருக்காவது பசித்துவிடும்.

இன்னும் ஓர் இடம். மியூனிக் புறநகர் ரயிலில் அரைமணிக்குள் டாஹாவ் வந்துவிடும். 1933இல் நாஜிகள் திறந்த வதைமுகாம் இப்போது நினைவிடமாக இருக்கிறது, நுழைவு இலவசம். அங்கே நண்பர்களோடு போன மாணவர்கள் வாசல் இரும்புக் கதவின் முன்னால் படமெடுப்பதா வேண்டாமா என்று தங்களுக்குள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நல்ல பிள்ளைகள்தான். கூட்டமாக இருக்கும்போது எப்படி மௌனமாக இருப்பது என்று யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான். தனியாகப் போனவர் வரிசை வரிசையாக இருந்த குடில்களின் அடித்தளக் கோடுகளுக்கு நடுவே அந்த நீண்ட பாதையில் நடந்துபோய்த் திரும்பி வருகிறார். படிக்கப் போன நாட்டின் வரலாற்றை ஒருமுறையாவது இப்படிப் பார்க்காமல் திரும்பிவருவதுதான் வீண்செலவு.

எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதத்துக்கு வருகிறேன். படித்தவர்கள் சொல்வது இது: ஊர் பார்ப்பதில் வரும் தைரியம் ஊர் பார்ப்பதற்கு மட்டும்தான் உதவும். சுற்றுலா இடங்கள் அந்நியர்களுக்காகவே செய்துவைத்தவை. எங்கும் அம்புக்குறி, எங்கும் ஆங்கிலம். அங்கே ஜெயித்து என்ன பயன்? நேர்முகத் தேர்வில் நாக்கு உலருகிறதே, அதற்கு இது மருந்தாகுமா?

இந்த வாதத்துக்கு ஒரு பெரிய சாட்சியே இருக்கிறார். 1888இல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன மோகன்தாஸ் காந்தி. படிப்புக்கு நடுவே பாரிஸ் பெருங்கண்காட்சியைப் பார்க்கப் போனதைத் தன் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். சைவ உணவகம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயே அறை எடுத்து ஏழு நாள் தங்கினார். பாரிஸ் வரைபடத்தையும் கண்காட்சி வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் நடந்தே பார்த்தார். உடன் யாரும் வந்ததாக எழுதவில்லை. புதிதாக எழும்பியிருந்த ஈபிள் கோபுரத்தில் இரண்டு மூன்று தடவை ஏறினார். காசை எண்ணி எண்ணிச் செலவழித்த அந்த மனிதர், அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம் என்று சொல்லிக்கொள்வதற்காகவே முதல் தளத்து உணவகத்தில் ஏழு ஷில்லிங்கை விட்டெறிந்தார். காந்தியின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த வீண்செலவு அது.

அப்படித் தனியாகப் பாரிஸைச் சுற்றியவர் கூச்சம் தெளிந்துவிட்டாரா? இல்லை. லண்டனை விட்டுக் கிளம்புமுன் நண்பர்களுக்குக் கொடுத்த விருந்தில் தயார் செய்துவைத்த பேச்சை முதல் வாக்கியத்துக்குமேல் பேசமுடியவில்லை. பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றபோது தலைசுற்றி, கேள்வி எதுவும் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டார். வழக்கை வேறொருவரிடம் ஒப்படைத்தார். பாரிஸ் அதைக் குணப்படுத்தவில்லை.

பார்த்தீர்களா என்பார்கள். பார்த்தேன். தைரியம் ஒரே சாக்கில் கொட்டி வைத்திருக்கும் சரக்கென்று யார் சொன்னது? பண்டூராவும் அப்படிச் சொல்லவில்லை. எந்தக் காரியத்தில் பழகுகிறோமோ அதில்தான் நம்பிக்கை முதலில் ஊறும், மற்றவற்றுக்குப் பரவுவது அதன்பிறகு, அதுவும் எல்லாவற்றுக்கும் பரவுவதில்லை. மேடையில் பேசும் தைரியம் மேடையில்தான் வரும். தெரியாத இடத்தில் பதறாமல் நிற்பது, தெரியாத ஆளிடம் கேட்பது, தப்பு என்று தெரிந்ததும் அழாமல் அடுத்த வழியைப் பார்ப்பது, இவையும் தைரியத்தில் சேர்த்திதான். வீட்டைவிட்டு ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி வாழப்போகிறவருக்கு மேடைப் பேச்சைவிட முன்னதாகத் தேவைப்படுவது இவைதான். சுற்றுலா இடம் எளிதாக இருக்கிறது என்பதைக் குறையாகச் சொல்கிறார்கள். எளிதாக இருப்பதால்தான் தொடங்க ஏற்றது. தேர்வுத் துறையிலா போய்த் தொடங்குவது?

பரவுகிறது என்பதற்கும் கண்ணெதிரே உதாரணம் உண்டு. மியூனிக்கில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. பலர் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை காலியானால், ஏற்கெனவே அங்கே இருக்கிறவர்கள் வருகிறவர்களை வரிசையாக உட்காரவைத்துக் கிட்டத்தட்டப் பெண்பார்ப்பார்கள். சமையலறை மேசையைச் சுற்றி மூன்று ஜெர்மன் மாணவர்கள், நடுவில் நம் ஆள். மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. விடுமுறையில் என்ன செய்வாய் என்றுதான் கேட்பார்கள். படிப்பேன், சமைப்பேன், படம் பார்ப்பேன் என்று சொன்னவருக்கு நன்றி, சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். டெகர்ன்சே போகக் கிளம்பி ஷ்லீர்சேவில் போய் விழுந்த கதையைத் தட்டுத்தடுமாறிச் சொல்கிறவரைப் பார்த்து மேசை சிரிக்கும்; அவர்களில் ஒருவராவது அதே ரயிலில் அதே தவறைச் செய்திருப்பார். பகுதிநேர வேலைக்குப் போனாலும் திங்கட்கிழமை காலை காபி இயந்திரத்தின் பக்கத்தில் இதே கேள்விதான். நம் பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் நின்றுவிட்டு, ஜெர்மானியர்கள் ஒட்டமாட்டார்கள் என்று வந்து சொல்கிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பூசிமெழுக நான் தயாரில்லை. தோல் நிறத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். சில நேரங்களில் வாய்விட்டும் சொல்வார்கள். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஆளில்லாத சின்ன நிலையத்தில் அடுத்த ரயிலுக்காக ஒரு மணி நேரம் தனியாக நிற்பது யாருக்கும் சுகமில்லை, பெண்ணுக்கு இன்னும் இல்லை. ஆகவே வெளிச்சத்தில் போய் வெளிச்சத்தில் திரும்புகிற தூரத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும், எங்கே போகிறோம் என்று ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போகவேண்டும், 112 என்ற எண் நினைவில் இருக்கவேண்டும். ஆனால் இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது வேறு, போகவே கூடாது என்பது வேறு. அதே பெண் நூலகத்திலிருந்தும், இரவுநேரக் கிடங்கு வேலையிலிருந்தும் தனியாகத்தான் அறைக்குத் திரும்புகிறாள். அதற்கு வீட்டில் ஆட்சேபமில்லை. பணம் சம்பாதித்துவிட்டு இருட்டில் தனியாக வரலாம். ஏரியைப் பார்க்கப் பகலில் தனியாகப் போகக்கூடாது. இது என்ன கணக்கு?

சால்ஸ்பர்க் போய்த் திரும்பும் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவின் எல்லையோர நகரம். ஜெர்மன் மாதச் சீட்டு அந்த நிலையம் வரை செல்லும் என்பதால் மியூனிக் மாணவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது போவார்கள். திரும்பும்போது ஃப்ரைலாசிங் நிலையத்தில் வண்டி நிற்கும். போலீஸார் ஏறுவார்கள். ஆஸ்திரிய எல்லையில் 2015 முதல் சோதனை இருக்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் கொண்டுவந்துவிட்டார்கள். சீருடைக்காரர் பெட்டிக்குள் நடந்து வருகிறார், பல இருக்கைகளைத் தாண்டி உங்கள் முன்னால் நிற்கிறார். ஏன் உங்கள் முன்னால் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கூட்டத்தில் இருந்தால் தலைவன் பேசுவான், நீங்கள் ஜன்னல் பக்கம் பார்க்கலாம். தனியாக இருந்தால் பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் நீங்களே எடுத்து நீட்டவேண்டும். எங்கே போய் வருகிறாய் என்று கேட்டால் நீங்களே பதில் சொல்லவேண்டும். அவர் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்துவிட்டுப் போவார். அந்த அரை நிமிடம் அவமானமாகவும் இருக்கும், நடுக்கமாகவும் இருக்கும். ஆனாலும் காகிதம் சரியாக இருக்கும் ஒருவரை ஒரு சீருடை ஒன்றும் செய்துவிடாது என்பதை உடம்பு தெரிந்துகொள்வது அந்த அரை நிமிடத்தில்தான். பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தின் மேசை முன்னால் உட்காரும்போது அது உதவுகிறது. மொழிபெயர்க்க யாரையாவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்ற தவிப்பு குறைகிறது.

தனியாகப் போவதை ஆதரிக்கிறவர்களில் ஒரு வகையினரால்தான் எனக்குப் பெரிய தொல்லை. தனிப்பயணத்தில் தன்னைக் கண்டடையலாம், மறுபிறவி எடுக்கலாம், ஆன்மா விழித்துக்கொள்ளும் என்று யூடியூபில் பின்னணி இசையோடு பேசுகிறவர்கள். இவர்களைக் கேட்டுவிட்டுப் போன மாணவர் முதல் பயணத்தில் ஓர் ஏரியையும் ஈரமான பெஞ்சையும் மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புகிறார்; தனக்கு ஏதோ குறை என்று நினைக்கிறார். தனியாகப் போகும் நாளில் பாதி நேரம் அலுப்பாகத்தான் இருக்கும். சாப்பாட்டு மேசையில் தனியாக உட்காருவது முதலில் கூசும். நல்ல காட்சியைப் பார்த்ததும் யாரிடமாவது சொல்லத் தோன்றும், பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். இதில் ஞானம் எதுவும் இல்லை. ரயிலைப் பிடித்துப் போய், பார்த்து, சாப்பிட்டு, திரும்பிவரத் தெரிந்துவிடுகிறது. நான் கேட்பதும் அதற்குமேல் இல்லை.

தனியாகப் போவது நம் வழக்கமில்லை என்று கலாசாரத்தை இழுக்கிறவர்களுக்கு ஏ. கே. செட்டியாரை நினைவூட்டலாம். கோட்டையூர்க்காரர். 1930களில் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படிக்கப் போனவர். உலகம் சுற்றும் தமிழன் என்றே பெயர் வாங்கியவர். நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் 1937 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்காகக் கண்டம் கண்டமாக அலைந்து பழைய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து 1940இல் படத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எந்த நாட்டிலும் போய் இறங்கி, தெரியாத கதவைத் தட்டிக் கேட்கத் தெரிந்த ஒருவரால்தான் அது முடிந்தது. அந்தப் பழக்கத்தை அவர் படிக்கும் காலத்திலேயே ஏற்படுத்திக்கொண்டார். வேலை கிடைத்து, தைரியம் வந்து, நாலு பேர் சேர்ந்தபிறகு என்று காத்திருந்தால் தமிழுக்கு அந்தப் படமும் இல்லை, அவருடைய பயணக் கட்டுரைகளும் இல்லை.

மகன் ஷ்லீர்சேவில் தொலைந்தால் வீட்டில் அதை நகைச்சுவையாகச் சொல்லித் திரிவார்கள். மகள் தொலைந்தால் வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேரத்துக்கு இருப்பிடத்தைப் பகிரச் சொல்வார்கள். அது முடிந்ததும் மறுபடி பகிரச் சொல்வார்கள். இருவரும் போனது ஒரே ரயிலில். ஆகவே பயம் ரயிலைப் பற்றியது என்பதை நான் நம்பத் தயாரில்லை. வரன் பார்க்கும் இடத்தில் “பொண்ணு அங்க தனியாவா சுத்துச்சு?” என்று யாராவது கேட்பார்களே என்ற பயம் அதில் பாதி. மிச்சப் பாதி அதைவிட ஆழமானது. எந்த ஊருக்குப் போவது, எப்போது திரும்புவது, யாரிடம் கேட்பது என்று ஒரு பகல் முழுக்கத் தானே தீர்மானித்துப் பழகிய பெண், எந்த வேலையில் சேர்வது, எந்த நாட்டில் இருப்பது, யாரைக் கட்டிக்கொள்வது என்பதையும் தானே தீர்மானிக்கத் தொடங்கிவிடுவாளோ என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலைக்கு என்னிடம் மறுப்பு இல்லை. தொடங்கிவிடுவாள்.